ஒரே வடிவம், பல அளவு: ஃப்ராக்டல் உலோகத்தில் அலைக்கணக்கு

சமபக்க முக்கோணத் தகடு ஒன்றின் நடுவே தலைகீழ் முக்கோணம் ஒன்றை வெட்டியெடுத்தால் மூலைக்கு ஒன்றாக மூன்று சிறு முக்கோணங்கள் மிஞ்சும். அந்த மூன்றிலும் அதே வெட்டு, பிறகு ஒன்பதிலும் அதே வெட்டு. போலந்துக் கணிதவியலாளர் சியர்பின்ஸ்கி 1915இல் விவரித்த வடிவம் இது. எந்த அளவில் பார்த்தாலும் தன்னையே ஒத்திருக்கும் இவ்வகை வடிவங்களுக்கு ஃப்ராக்டல் என்ற பெயரை 1975இல் மாண்டல்பிராட் சூட்டினார்.

1990களில் பார்சிலோனாவில் கார்லெஸ் புவெண்டேயின் குழு, சுமார் 9 செ.மீ. உயரத்தில் இதே வடிவில் ஆன்டெனா செய்தது. அது ஐந்து அதிர்வெண்களில் நன்றாக வேலை செய்தது. மேலே போகப்போக ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. முக்கோணத்தின் பக்கம் ஒவ்வொரு வெட்டிலும் பாதியாவதன் நேர் விளைவு அது. கீழ்க்கோடி அதிர்வெண் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லை. கணிதத்தில் முடிவின்றித் தொடரும் வடிவம் உலோகத்தில் ஓரிடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்!

இத்தகைய ஆன்டெனாவில் மின்னோட்டம் எப்படிப் பாயும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் பெரும்பாடு. 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 செ.மீ. வழவழப்பான தகடென்றால் அலைநீளத்தில் பத்திலொரு பங்கு, அதாவது 3 செ.மீ. துண்டுகளாகப் பிரித்தால் போதும். ஐந்து முறை வெட்டிய முக்கோணத்திலோ 243 குட்டி முக்கோணங்கள், 9 செ.மீ. ஆன்டெனாவில் ஒவ்வொன்றின் உயரமும் 3 மி.மீ.க்கும் குறைவு. அவை முனையோடு முனை தொடும் இடுக்குகளில் மின்னோட்டம் நெருக்கியடித்துப் பாய்வதால் அங்கே துண்டுகள் இன்னும் பொடியாக வேண்டும்.

ஹாரிங்டன் 1968இல் நூலாக வகுத்துத் தந்த முறைப்படி, ஒவ்வொரு துண்டின் மின்னோட்டமும் மற்ற எல்லாத் துண்டுகளையும் பாதிக்கும். ஒரு லட்சம் துண்டுகள் என்றால் ஆயிரம் கோடி எண்கள் கொண்ட அணி. எண்ணுக்கு 16 பைட் வீதம் 160 ஜிகாபைட் நினைவகம். துண்டுகள் இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்கு, நேரடியாகத் தீர்க்கும் நேரம் எட்டு மடங்கு. தொலைவிலுள்ள துண்டுகளைக் கூட்டங்கூட்டமாகக் கணக்கிடும் உத்தியை 1987இல் கிரீன்கார்டும் ரோக்லினும் தந்தனர். பின்னாளில் அலைகளுக்கும் விரிவாக்கப்பட்ட அந்த உத்தி சுமையைப் பெரிதும் குறைத்தது. ஆனால் துண்டு அலைநீளத்தைவிட மிகமிகச் சிறிதாகும்போது சமன்பாடே தடுமாறுகிறது. சிறு பிழையும் விடையில் பூதாகரமாகிவிடும்.

பிரான்ஸின் துலூஸ் நகரில் ஹெர்வே ஓபேரின் குழு உருவாக்கிய அளவுமாற்ற உத்தி வேறு வழியில் போகிறது. வடிவத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனியே தீர்க்கிறார்கள். பகுதியின் எல்லையில் புலத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் வெளியே பரவாமல் தேய்ந்துபோகும். எனவே அடுத்த பெரிய அளவுக்குச் சொல்ல வேண்டிய சேதி சில எண்களே. அவை ஒரு சிறு அணியில் அடங்கிவிடும். இந்த அணிகளைச் சங்கிலியாகக் கோத்தால் முழு விடை கிடைக்கும். வெட்டு ஒன்று கூடினால் சங்கிலியில் ஒரு கண்ணிதான் கூடும். ஃப்ராக்டலின் இயல்பையே கணக்குக்குச் சாதகமாக்கிய அழகு இதில் இருக்கிறது.

வடிவம் சுருங்கினாலும் பொருளின் குணம் கூடவே சுருங்குவதில்லை. 1 கிகாஹெர்ட்ஸில் செம்பின் மேற்பரப்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் ஆழம்வரையே மின்னோட்டம் பாயும். முக்கோணம் பெரிதோ சிறிதோ, அந்த ஆழம் அதேதான். கண்ணாடிமேல் சில நானோமீட்டர் தடிப்பில் படியவைத்த தங்கப் படலத்தில் சிக்கல் முற்றுகிறது. தனித்தனித் தீவுகள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கும் கட்டத்தில் அவை ஃப்ராக்டலை ஒத்த கொத்துகளாகின்றன. ஒளி பட்டால் அவற்றின் இடுக்குகளில் மின்புலம் குவிகிறது. புலம் பத்து மடங்கானால், அங்குள்ள மூலக்கூறு நிறம் மாற்றிச் சிதறடிக்கும் ஒளி, அதாவது ராமன் சமிக்ஞை, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகும். இந்தக் கொத்துகள் தாறுமாறானவை; ஓரிடத்துக்குப் போட்ட அணி அடுத்த இடத்துக்கு உதவாது. அதனால் பல மாதிரிப் படலங்களைக் கணக்கிட்டுச் சராசரி பார்க்கிறார்கள்.