கிணற்றடி வரிப்புல்

"ஒரு புல்லுக்கா இவ்வளவு பாடு?" என்று எம் வீட்டுக்கு வருவோர் வினவுவதுண்டு. கொக்குவிலில் எமது வளவின் கிணற்றடியிலே, துணி தோய்க்கும் கல்லுக்கு அப்பால், ஆளுயரத்தை விஞ்சி நிற்கும் நாணற் புதர் ஒன்றைக் கண்டே அவ்வாறு வினவுவர். அதன் தாள்கள் நீண்டு வளைந்தவை. ஒவ்வொன்றிலும் பச்சையும் வெண்மையும் நெடுக்காக ஓடிக் கரை போட்ட வேட்டியை நினைப்பூட்டும். எம் வீட்டார் அதனை வரிப்புல் என்பர். அது காய் தருவதில்லை, கனி தருவதில்லை, பூசைக்கு ஒரு மலர்தானும் தருவதில்லை. ஆயினும் மூன்று தலைமுறையாக அதனைப் பேணி வருகின்றோம். காரணம் யாது என்பதனை வாசக அன்பர்க்கு இங்கே கூற விழைகின்றேன்.

முதற்கண், 'ஒரு புல்' என்னும் இகழ்ச்சிக்கு விடை கூறல் வேண்டும். தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. மடல், ஓலை, பாளை என்பன புல்லின் உறுப்புக்கள் என்பதும் அந்நூலின் துணிபு. இவ்விலக்கணப்படி நோக்கின் தெங்கும் கமுகும் புல். யாழ்ப்பாணத்தாரை நெடுங்காலம் ஊட்டி வளர்த்த பனையும் புல்லே. இக்காலத் தாவரவியலார் பனையை வேறு குடும்பத்தில் வைப்பர் எனினும், பனையும் நாணலும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெரும் பிரிவுக்குள் அடங்குவன என்பர். ஆகவே புல் என்பது எளிய சாதியன்று.

எமது வரிப்புல் கொறுக்கை என்று அகராதிகள் கூறும் நாணலின் ஒரு பேதம். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் இந்நாணலுக்கு 'அருண்டோ டோனக்சு' எனப் பெயரிட்டார். மேனாட்டாரின் கிளாரினெற்று முதலிய துளைக்கருவிகளுக்கு நாக்கு அமைப்பது இதன் தட்டையினாலேயே. நமது நாகசுரத்தின் சீவாளியும் நாணல் இனத்துத் தட்டையினால் ஆவதுதான். எமக்கு அண்மையிலுள்ள இணுவில் நாகசுர தவில் மரபினாற் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்க் கோயில் வீதிகளில் விடியுமட்டும் நாயனம் கேட்டவர், நாணலை வெறும் புல்லென்று தள்ளிவிடார்.

இனி வரிக்கு வருவோம். வெள்ளை வரி என்பது பூசிய நிறமன்று. அது ஓர் இன்மை. தாவரத்துக்கு உணவாக்கித் தருவது பச்சையம். வரி ஓடும் இடத்திற் பச்சையம் இல்லை. அவ்விடம் தானாக உண்ணமாட்டாது. அருகிலுள்ள பச்சைப் பகுதி ஆக்கும் உணவிலேயே அதுவும் பிழைக்கின்றது. ஆதலின் வரியுடைய தண்டு மெல்ல வளரும். சிற்சில வேளைகளில் அதே கிழங்கிலிருந்து வரியில்லா முழுப் பச்சைக் குருத்தொன்று வெளிவரும். அதற்கு வலிமை மிகுதி. அது விரைந்து வளர்ந்து, பல்கி, வரியுடைய தண்டுகளை நெருக்கி, ஈற்றிற் புதர் முழுவதையும் தன்வயமாக்கிவிடும். புல் சாவதில்லை, வரியே சாகின்றது. இந்நாணல் முளைக்கும் விதை ஈவதுமில்லை. வரியுடைய கிழங்கைப் பெயர்த்து நட்டாலன்றி, வரி அடுத்த இடத்துக்குச் செல்லாது.

இவ்விளக்கமெல்லாம் யான் பின்னாளிற் படித்தறிந்தவை. எம் ஆச்சி படியாமலே அறிந்திருந்தார். மலைநாட்டில் ஆசிரியராயிருந்த உறவினர் ஒருவர் கொணர்ந்த கிழங்கை அவரே கிணற்றடியில் நட்டவர். "பச்சைக் குருத்தைக் கண்ட உடனை கிழங்கோடை கிள்ளிப்போடு மோனை, நாளைக்கெண்டு விட்டால் அது வீட்டையே பிடிச்சிடும்" என்பது சிறுவனாகிய எனக்கு அவரிட்ட கட்டளை. பள்ளி விடுமுறைதோறும் அவ்வேலை என்னுடையது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதை இத்தலைமுறையினருக்கு விரிக்க வேண்டுவதில்லை. ஆச்சியைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி, செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தை அடி அடியாகக் கடந்தோம். வீட்டைப் பூட்டியபோது ஆச்சி கேட்டது ஒன்றே: "கிணத்தடிக்கு ஆர் பாப்பினம்?" அம்மாரியிலேயே, இரவல் வீடொன்றின் திண்ணையில், அவர் காலமானார். 1996 ஏப்பிரலில் ஆச்சி இன்றியே மீண்டோம்.

ஓடுகள் சிதறியிருந்தன, கிணறு சருகால் நிறைந்திருந்தது. கிணற்றடியிலே நாணல் காடாக நின்றது. ஆனால் வரியைக் காணவில்லை, எங்கும் பச்சை. முந்திய ஓரிரு ஆண்டுகளாகப் போர்க் கவலையில் நாம் அதனைக் கவனியாது விட்டதும், பின் ஆளில்லாக் காலத்து மாரிமழையும் சேர்ந்து இதனைச் செய்துவிட்டன. என் தாயார் வாய் பேசாது நின்றார். யான் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு தோண்டத் தொடங்கினேன். இரண்டாம் நாள், புதரின் கீழ்ப்புற ஓரத்திலே, விரற்கனமுள்ள ஒரு தண்டு, நூல் போன்ற வெள்ளை வரியோடு சாய்ந்து கிடந்தது. அதனை மாத்திரம் கிழங்கோடு பிரித்தெடுத்து வேறிடத்தில் நட்டேன். இன்று நிற்கும் புதர் அவ்வொரு தண்டின் வழிவந்ததே.

இதனை வளர்க்க விரும்புவோர்க்குச் சில சொல்வேன். புரட்டாதியில், மாரிமழைக்கு முன், தண்டுகளை நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுக. ஐப்பசி மழையில் எழும் இளங்குருத்திலேதான் வரி மிகத் தெளிவாகத் தோன்றும். முதிர முதிர மங்கும். கிழங்கைப் பிரித்து நடுவதற்கும் அதுவே காலம். பிரிக்குங்கால் வரி நன்கமைந்த தண்டின் அடிக்கிழங்கையே தெரிக. வெயில் படும் இடம் வேண்டும். ஆயினும் சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியில் வெண்பகுதி கருகுவதுண்டு. அப்போது அடியில் பனையோலை மூடாக்கு இடுதல் நன்று. உரம் மிகையாயிற் பச்சைக் குருத்தே மிகும். ஆண்டுக்கொருமுறை மக்கிய மாட்டெரு இரண்டு கடகம் போதும்.

நீரைப்பற்றி ஒன்று கூறாது விடலாகாது. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே நமது கிணறு. அழகுக்காக ஒரு புல்லை வைத்துவிட்டு, இயந்திரத்தால் நீரிறைத்துப் பாய்ச்சுதல் பிள்ளைகளின் குடிநீரைக் களவு செய்வதாகும். குளித்த நீரும் பாத்திரம் அலம்பிய நீரும் ஓடும் வாய்க்காலின் முடிவில் இதனை நடுக. எம் முன்னோர் வாழையைக் கிணற்றடியில் வைத்ததும் இதே கணக்கினாலேயே.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. வரியில்லாப் பச்சை நாணல், உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு இனங்கள் நூறனுள் ஒன்றாக எண்ணப்படுவது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆற்றங்கரைகளை அது மூடி, நீரை உறிஞ்சி, நெருப்புக்கும் இரையாகி இடர் விளைக்கின்றது. 'வில்' என்பது நீர்நிலையைக் குறிக்கும் என்பர். கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்று நம் ஊர்ப்பெயர்களே நீர்நிலையைச் சொல்கின்றன. அத்தகைய தாழ்நிலத்திலோ, மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றின் கரையிலோ இதன் கிழங்கு ஒன்றைத்தானும் எறிதல் தகாது. அடியற்ற சீமெந்து வளையம் ஒன்றைப் புதைத்து அதனுள் நடுக. கிள்ளிய பச்சைக் குருத்தையும் கிழங்கையும் வெயிலிற் காயவைத்து எரித்துவிடுக.

மீண்ட பின் யான் செய்த வேறொன்றும் உண்டு. வரி ஓரளவு பெருகியதும், எமது ஒழுங்கையில் மூன்று வீட்டாருக்குக் கிழங்கு பெயர்த்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஆச்சியின் கட்டளையையும் சேர்த்தே சொன்னேன். "அரிய பொருளைத் தெருவெல்லாம் கொடுக்கிறாயே" என்று தாயார் கடிந்தார். சென்ற ஆண்டு கிணற்றடிக்குச் சீமெந்து இட்டபோது, யான் பாடசாலை சென்றிருந்த வேளை, வேலையாள் எமது புதரை அடியோடு கெல்லி எறிந்துவிட்டார். குப்பையிற் கிளறியும் உயிருள்ள கிழங்கு அகப்படவில்லை. அன்று மாலை மூன்றாம் வீட்டுப் பிள்ளை ஈரச் சாக்கிலே ஒரு கிழங்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"சேர், பச்சைக் குருத்து வந்தால் உடனை கிள்ளிப்போட வேணுமாம், அம்மா சொல்லிவிட்டவ" என்றாள்.

யான் ஒன்றும் கூறாமல் வாங்கி நட்டேன். இவ்வைப்பசியில் அது நான்கு குருத்து விட்டது. மூன்றில் வரி உண்டு. நான்காவதைக் கிள்ளிவிட்டேன்.