ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு...

நண்பர் கடையின் பில்களை ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். கடைசி நாள், ராத்திரி பதினோரு மணி. நான் எழுதிய பைத்தான் புரோகிராமை ஓடவிட்டேன். 'பிஸி' என்றது சர்வர். விநாடிக்கு ஒரு தரம் திரும்பக் கேள் என்று எழுதியிருந்தேன். கேட்டது... கேட்டது... பத்தாவது நிமிடம் எங்கள் ஐ.டி.யையே பூட்டிவிட்டார்கள்! அபராதத்தில் பாதி என் பாக்கெட்டிலிருந்து போனது.

எதிர்வீட்டு எம்.சி.ஏ. பையன் சிரித்தான். ''ஏன் சார், மூச்சு வாங்கிட்டு நிக்கிற ஆளை விநாடிக்கொரு தடவை கூப்பிட்டா எப்படி?''

அவன் சொன்ன வைத்தியம்: முதலில் 1 விநாடி பொறு. அப்புறம் 2, 4, 8... பி.காம். படித்தவனுக்கு இது தெரியாதா? நூறு பர்சென்ட் கூட்டு வட்டி! சும்மா விட்டால் பதினேழாவது காத்திருப்பு 65,536 விநாடி. பதினெட்டு மணி நேரம். அதனால் 60 விநாடிக்கு மேல் போகாமல் ஒரு கடிவாளம்.

சரக்கு பழசு. 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் யோசித்த ஈதர்நெட்டில், ஒரே கேபிளில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் பேசினால் செய்தி மோதிக்கொள்ளும். மோத மோத, காத்திருக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கி, அதற்குள் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தைப் பொறுக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த ஈதர்நெட் விதிப்படி பதினாறு முயற்சி. அதற்கும் மசியாவிட்டால் கைகழுவிவிடும்.

அந்தக் 'குருட்டாம்போக்கு'தான் விஷயமே. ஆயிரம் பேர் ஒரே நொடியில் தோற்று, ஆயிரம் பேரும் 1, 2, 4 என்று எண்ணினால், திரும்ப ஒரே நொடியில்தான் வந்து மோதுவார்கள். பையன் எழுதிக்கொடுத்த ஃபங்ஷன், பூஜ்யத்துக்கும் வரம்புக்கும் நடுவே ஒரு எண்ணை 'யீல்டு' செய்கிறது; வரம்பை இரண்டால் பெருக்குகிறது; அடுத்த தடவை கேட்கும் வரை, விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு தூங்குகிறது. (நம் ஆபீஸில் சிலர் தூங்க மட்டும் செய்வார்கள்.) மொத்தம் எட்டு காத்திருப்பு, கூட்டிப் பார்த்தேன், அதிகபட்சம் 183 விநாடி.

''பில் நம்பரே தப்புன்னா திரும்ப அனுப்பாதீங்க சார். எட்டு தடவையும் தப்புதான்.''

எனக்கு வேறு பயம். பில் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? திரும்ப அனுப்பினால் ஒரே பில் இரண்டு தடவை ஏறாதா? பையன் சிரிப்பதை நிறுத்தினான். பில் நம்பர் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டுவிட்டு அனுப்ப, இன்னும் நாலு வரி சேர்த்தான்.

அடுத்த மாதம், அதே கடைசி நாள். நாலாவது தோல்விக்குப் பிறகு திரை சும்மா நின்றது.

''என்னப்பா, உன் புரோகிராம் தூங்குது?'' என்றார் நண்பர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

''ஆமா. இன்னும் அஞ்சு விநாடி தூங்கும்.''