சாவி கொடுத்த சங்கீதம் – 9: ஆயுத பூஜை எண்ணெய்

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன மாதம் பழைய வேட்டியில் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். எச்.எம்.வி. 102 கிராமபோன். 1931-ல் வந்த மாடல். சூட்கேஸ் மாதிரி கையில் தூக்கிப் போகலாம். ஒரு காலத்தில் பரவலாக இருந்த பெட்டி.

“தம்பி, எங்க அப்பா வாங்கினது. சாவி ஏறுது, தட்டும் சுத்துது. பாட்டுதான் பாதியில படுத்துடுது. எண்ணெய்க்குக் குறை வைக்கலை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“என்ன எண்ணெய்ங்க ஐயா?”

“வீட்ல இருக்கறதுதான். தேங்காய் எண்ணெய்.”

நோய் என்னவென்று பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் சோதிக்காமல் கை வைக்கக் கூடாது. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். வேகத் திருகைச் சரிப்படுத்தினால் 78 வர வேண்டும். பிறகு பாட்டுத் தட்டின் மேல் ஊசியை வைத்து மறுபடி எண்ண வேண்டும். நல்ல மோட்டாரில் ஒன்று குறையலாம், அதற்கு மேல் குறையாது. பெரியவரின் பெட்டி வெறுமனே ஓடும்போது 78 காட்டியது. ஊசி வைத்ததும் 60-க்கு இறங்கி, கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது. ஓடும்போது நடுநடுவே ‘டொப்’ என்று ஒரு அதிர்வு வேறு.

அந்த ‘டொப்’ வருவது ஸ்பிரிங் டப்பாவிலிருந்து. ஓர் அங்குல அகலத்தில், சில மீட்டர் நீளத்துக்கு ஓர் எஃகுப் பட்டை உள்ளே சுருண்டு கிடக்கிறது. சுற்றுக்குச் சுற்று வழுக்கிக்கொண்டு விரிவதற்காகக் கம்பெனியிலேயே கிராபைட் கலந்த கிரீஸ் பூசி அனுப்பினார்கள். அது எண்பது வருஷத்தில் தார் போல இறுகிவிடும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு திடீரென்று விடுபடும். அப்போது வருகிற சத்தம் அது. ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று நினைத்துப் புதிது தேடி அலைபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும், கிரீஸ்தான் செத்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாவி ஏறியிருக்கும்போது மோட்டாரில் எதையும் கழற்றாதீர்கள். தட்டை ஓடவிட்டு, தானாக நின்று, சாவிக் கைப்பிடி தளர்ந்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். சாவி இருக்கும்போது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால், பிடித்து வைக்க ஆளில்லாத பற்சக்கரங்கள் ஒரு நொடியில் வெறிகொண்டு சுழன்று பல் உதிர்ந்துபோகும். இன்னொன்று: சாவி முழுக்க இறங்கினாலும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து கண்டபடி இழுத்தால் பாம்பு போலச் சீறி வெளியே வரும். விரலை அறுத்துவிடும். தடித்த கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் நான் திறப்பதில்லை. உள்முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக, மறுகையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு விடுவிக்க வேண்டும்.

பெரியவரின் ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுத் துடைத்தேன். கறுப்பாக ஒரு கிண்ணம் சேறு வந்தது. அடியில் நல்ல நீல எஃகு. புதுக் கிரீஸ் பூசி, வந்த வழியே திரும்பச் சுருட்டி அடைத்தாயிற்று.

தேங்காய் எண்ணெயின் வேலையைக் கவர்னரில்தான் பார்த்தேன். தட்டின் வேகத்தைக் கட்டிக் காக்கும் உறுப்பு இது. மெல்லிய பட்டைகளில் மூன்று குண்டுகள். சுழற்சி கூடினால் குண்டுகள் வெளியே விரியும். விரியும்போது ஒரு வட்டத் தகடை இழுத்துக்கொண்டு போய் ஒரு கம்பளித் துண்டின் மேல் உரசவைக்கும். வேகம் அடங்கிவிடும். மின்சாரமே இல்லாமல் தன் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பெரியவரின் கவர்னர் அச்சில் பித்தளை தொடும் இடமெல்லாம் பச்சைப் பிசின். சமையல் எண்ணெய் நாளானால் பிசினாகும், பித்தளையைக் களிம்பேற்றும். அத்தனை ஆயுத பூஜையும் அங்கே உறைந்து கிடந்தது. அன்பாகச் செய்ததுதான். அவரிடம் அதைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, கம்பளிக்கு ஒரு சொட்டு. அது போதும்.

வேகம் சரியானதும் அடுத்த குறை வெளியே வந்தது. குரல் உயரும் இடங்களில் கரகரப்பு. இது சவுண்ட் பாக்ஸ் கோளாறு. ஊசியின் நடுக்கத்தை வாங்கிக் காற்றை அசைக்கும் அலுமினியத் தகடு இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே மிதக்க வேண்டும். ரப்பர் கல்லாகிவிட்டால் தகடு திணறும். மெல்லிய, மெத்தென்ற ரப்பர் குழாயை அளவாக வெட்டி வைத்து, நடுத் திருகில் ஒரு துளி தேன்மெழுகு உருக்கி விட்டால் குரல் திரும்பிவிடும். திருகும்போது மட்டும் கை பதற வேண்டாம். சவுண்ட் பாக்ஸின் பின்மூடி துத்தநாகக் கலவை வார்ப்பு. வயதானால் தானே வெடிக்கும், முறுக்கினால் உடனே உடையும்.

கடைசியாக ஊசி. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அரக்காலான இந்தப் பாட்டுத் தட்டில் கல்பொடி கலந்திருக்கிறது. முதல் சில சுற்றுகளில் அதுவே ஊசி முனையைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்குப் பொருத்திக்கொள்ளும். பாட்டு முடியும்போது முனை உளி போலாகிவிடும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் பள்ளத்தைச் செதுக்கி எடுத்துவிடும். பிற்காலத்து எல்.பி. தட்டை இந்தப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள், ஒரே ஓட்டத்தில் பாழாகும். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பது அதில்தான்.

பெரியவர் திரும்ப வந்தபோது 1933-ல் மறைந்த பாடகர் கிட்டப்பாவின் தட்டு ஒன்றை வைத்தேன். எண்ணிப் பார்த்தோம்: வெறுமனே 78, ஊசியோடு 77. பாட்டு முடியும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இருந்தால் இறக்கி, தூசி தட்டி வையுங்கள். சாவி கொடுத்துப் பார்க்க அவசரப்படாதீர்கள், சமையலறை எண்ணெயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழல் கிராமபோன்கள் பலவற்றின் வயிற்றில் இருப்பது இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்து பிடுங்கிய மோட்டார்தான். ஓட்டை என்று சொல்லி யாராவது விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

(தொடரும்)