மெல்லிய காற்றும் பெரிய பாயும்

எங்கள் திருவாடானைக்குக் கிழக்கே தொண்டி, நம்புதாளை முதலிய கடற்கரை ஊர்கள் உள்ளன. அங்கே வழங்கிய பாய்மரப் படகை வத்தை என்பர். இன்று மீன்பிடிக்கப் பொறிப்படகுகளே மிகுதியாகச் செல்கின்றன. எனினும் ஊர்த் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுவதுண்டு. மாணவ நண்பர்களே, படகோட்டியின் திறமையைச் சோதிப்பது பெருங்காற்று மட்டுமன்று; மெல்லிய காற்றும் அவ்வாறே சோதிக்கும்.

காற்று பாயைத் தள்ளும் விசை, காற்றின் வேகத்தினது வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று 8 கிலோமீட்டராகக் குறைந்தால், விசை மூன்றில் ஒரு பங்காகாது. ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே பெரிய பாயை விரிக்கின்றோம். அப்பாய் கனமற்றதாகவும் இருத்தல் வேண்டும். கனத்த துணி தன் பாரத்தாலேயே தொய்ந்து போகும். மேல்நாட்டுப் பந்தயப் படகுகளில், பின்காற்றுக்கு ஸ்பின்னேக்கர் என்னும் மெல்லிய நைலான் பாயை விரிப்பதும் இக்காரணம் பற்றியே. பருத்திப் பாயாயின் அதன்மேல் நீர் தெளிப்பதுண்டு. இழைகள் பருத்து இடைவெளிகள் அடைபடுவதால், காற்று ஊடுருவி வீணாவதில்லை.

பாயின் கீழ்மூலையைப் பிடித்திழுக்கும் கயிற்றைத் தாமான் என்பர். அதை மிக இறுக்கினால் பாய் தட்டையாகிவிடும். மிகத் தளர்த்தினால் அதன் முன்விளிம்பு படபடக்கும். படபடப்பு அடங்கும் அளவே இழுத்தல் நன்று. படகில் இருப்போரும் அடிக்கடி அசைதல் கூடாது. அவர்கள் பாய் இருக்கும் பக்கமாகச் சற்றே ஒதுங்கி அமர்ந்தால், படகு சிறிது சாயும். பாயும் உப்பிய வடிவில் நிலைத்து நிற்கும்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில், விடுமுறையொன்றில், முதியவர் ஒருவரின் படகில் சென்றேன். அவருடைய சிறு பேரனும் உடன் வந்தான். காற்று ஓய்ந்திருந்தமையால் பெரிய பாயை விரித்துத் தாமானை என்னிடம் கொடுத்தார். நெடுநேரம் பிடித்திருந்ததில் கை வலித்தது. மெல்லிய காற்றுத்தானே என்று எண்ணி அதைக் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிட்டேன்.

தொலைவில் நீர்ப்பரப்புக் கறுத்துச் சிற்றலைகள் எழுந்ததை நான் கவனிக்கவில்லை. திடீரெனக் காற்று அறைந்தது. படகு சாய்ந்தது; விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே ஏறிற்று. நீந்தத் தெரியாத பேரன் அலறினான். முதியவர் கத்தியை எடுத்துத் தாமானை அறுத்தார். பாய் காற்றோடு விலகியது. படகு மெல்ல நிமிர்ந்தது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, பெரிய பாயைக் கையிலதான் பிடிக்கணும், கட்டக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். இக்கணக்கைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன் நான், கடலில் மறந்துவிட்டேன். பின்னர் ஆசிரியனாகி, வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் அறுந்த அந்தத் தாமானைச் சொல்லாமல் முடித்ததில்லை. மெல்லிய காற்றில் பெரிய பாயை விரியுங்கள். ஆனால் கயிறு கையில் இருக்கட்டும், கண் நீர்ப்பரப்பின்மேல் இருக்கட்டும்.