ஒரே நிலையம், முள்ளின் இரண்டு இடங்களில்

பொன்முடி அடிவாரத்து வித்துராவிலிருந்து கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே வரும், மலைமடிப்புகளில் சோர்ந்துபோகும். சிற்றலை அப்படியல்ல. அயனமண்டலத்தில் முட்டி மேலிருந்து இறங்கும். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இந்த வட்டாரத்தில், அந்திக்குப் பிறகு அந்த மண்டலம் கலங்கும். மேல் வளிமண்டலத்தை ஆராயத்தான் 1963இல் தும்பாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. வால்வு ரேடியோவில் கொழும்பின் இலங்கை வானொலி கேட்டவர்களுக்குப் பாட்டு பொங்குவதும் மங்குவதும் பழகிய சங்கதி.

அந்த ரேடியோவின் வம்சம் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து வருகிறது. 1912இல் அவர் வால்வின் வெளியீட்டில் ஒரு பங்கை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டார். ஒற்றை வால்வே அபாரமாகப் பெருக்கியது. சற்று மிஞ்சினால் ஊளையிட்டது. 1918இல் பாரிஸில் ராணுவப் பணியில் இருந்தபோது வேறு வழி கண்டார். எந்த நிலையம் வந்தாலும் உள்ளேயே பிறக்கும் இன்னோர் அலையோடு கலந்து, ஒரே அதிர்வெண்ணுக்கு இறக்கி, அங்கே பெருக்குவது. இதுதான் சூப்பர்ஹெட்ரோடைன். பிரான்சில் லூசியன் லெவியும் இதே வழியை எட்டியிருந்தார்.

இந்த முறையோடு ஒரு பேயும் வந்தது. வீட்டு ரேடியோக்களில் அந்த இடைநிலை அதிர்வெண் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். உள் அலை முள் காட்டும் இடத்தைவிட 455 அதிகம். அதற்கும் மேலே இன்னொரு 455 தள்ளியிருக்கும் நிலையமும் அதே வித்தியாசத்தைத் தரும். ஆகவே 11,800 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிலையம் 10,890இலும் பேசும். அதுதான் பிம்பம். சிற்றலை ரேடியோவின் பிற்கால வரலாறே இந்தப் பிம்பத்தை விரட்டிய வரலாறு என்பேன்.

1935 வாக்கில் வந்த அமெரிக்காவின் நேஷனல் எச்ஆர்ஓ ரேடியோ, கலக்கும் வால்வுக்கு முன்பே இரண்டு பெருக்கிகளை வைத்து வடிகட்டியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் அதை ஏராளமாகப் பயன்படுத்தின. 1950களின் ரேகல் ஆர்ஏ-17, தென்னாப்பிரிக்கர் டிரெவர் வாட்லியின் முறைப்படி, அலையை முதலில் 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. பிம்பம் எட்டாத தூரத்துக்குப் போனது.

நம் வீட்டு ஐந்து வால்வு செட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஏரியல் நேராகக் கலக்கும் வால்வுக்கே போகும். ஆனாலும் அதன் சிக்கனம் என்னை வியக்கவைக்கிறது. இசிஎச்81 என்ற ஒரே கண்ணாடிக்குள் உள் அலையை எழுப்பும் பகுதியும் கலக்கும் பகுதியும் உண்டு. இபிஎஃப்89 வால்வு பெருக்கும், அதிலுள்ள டயோடுகள் ஒலியைப் பிரித்தெடுக்கும், அலை பொங்கினால் பெருக்கத்தைக் குறைத்து ஓரளவு சமன்செய்யும். 1960களில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இங்கேயே வால்வுகள் தயாரித்தது. மின்சாரம் வராத ஊர்களுக்கு டிகே96 வரிசை, 1.4 வோல்ட் பேட்டரியில் சூடேறும்.

வீட்டில் அப்படியொரு செட் உயிரோடு இருந்தால், கேட்பது நிலையமா பிம்பமா என்று சோதிக்கலாம். முள்ளை 910 கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்துங்கள். அதே குரல் அங்கே இன்னும் பலமாக ஒலித்தால், முதலில் கேட்டது பிம்பம்.