முரசு இறக்கம்: எந்தப் பல்லுக்கு எந்த ஒட்டு?

பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் எல்லையை விட்டு முரசு (ஈறு) விலகிப்போய், வேர் வெளியே தெரிவதே முரசு இறக்கம். வேருக்கு எனாமல் கவசம் இல்லை. அதனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும். வேரில் சொத்தையும் எளிதில் விழும். இறங்கிய முரசு பெரியவர்களுக்குத் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புவது அரிது. பக்கத்து முரசை நகர்த்தியோ, வேறோர் இடத்து இழையத்தை எடுத்து ஒட்டியோதான் வேரை மூட வேண்டும்.

எந்த ஒட்டு என்று கேட்பதற்கு முன், எந்த வகை இறக்கம் என்று கேட்க வேண்டும். அந்த வேறுபாட்டைப் பல் மருத்துவ உலகம் தெளிவாகக் கண்டது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்களில். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரின் குழு, பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கமோ, பல் வைத்திய வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. ஒஸ்லோவில் படித்த, வைத்திய வசதி பெற்ற ஆண்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். தோட்டங்களில் 1985 வரை பரிசோதனை தொடர்ந்தது. 2010இல் 75 பேரை மீண்டும் பார்க்க முடிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இந்தப் பதிவில் இல்லை என்பது பெரிய குறை.

முரசு இறக்கம் பற்றிய முடிவுகள் 1992இல் வெளிவந்தன. ஒஸ்லோக்காரர்களுக்கும் முரசு இறங்கியிருந்தது. ஆனால் பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கத்தில், கன்னத்தை ஒட்டிய பக்கத்தில் மட்டும். தோட்டத் தொழிலாளர்களிலோ 30 வயதுக்குள் 90 சதவீதத்தினருக்கு இறக்கம் இருந்தது. வெளிப்பக்கம், நாக்குப் பக்கம், இரு பற்களின் இடைவெளி என்று எல்லாப் பக்கமும் அது பரவியிருந்தது. 40 வயதில் தப்பியவர் ஒருவரும் இல்லை. முன்னது மெல்லிய முரசை அழுத்தித் துலக்குவதால் வருவது. பின்னது காரை படிந்து, முரசு அழன்று, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதால் வருவது.

ஒட்டின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. பல்லிடை எலும்பு குறையாமல் இருந்தால் வேரை முழுதாக மூடலாம். சற்றே குறைந்திருந்தால் ஓரளவு மூடலாம். வெளிப்பக்கத்தைவிடப் பல்லிடையில் இழப்பு அதிகமானால் முழுதாக மூட முடியாது. 1985இல் மில்லரும் 2011இல் கைரோவும் வகுத்த வகைப்பாடுகளின் சாரம் இதுவே. காரணம் இரத்த ஓட்டம். வெறும் வேரில் இரத்தக் குழாய் இல்லை. அதன்மேல் வைத்த இழையம் முதல் இரண்டு மூன்று நாட்கள் சுற்றுப்புறத்துச் சாற்றை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகுதான் புதிய குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. பயிரைப் பெயர்த்து நட்டால் மண் பிடிக்கும் வரை வாடுவதைப் போன்றது இது. இருபுறமும் பல்லிடை முரசு உயரமாக நின்றால்தான் ஒட்டுக்கு ஊட்டம் வரும்.

1960களிலிருந்து வழக்கில் உள்ள முறை, மேலண்ணத்திலிருந்து மேல்தோலோடு சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவு கனத்தில் ஒரு துண்டு எடுத்துத் தைப்பது. கீழ் முன்பற்களில் முரசு மெலிந்து, உதடு அசையும்போதெல்லாம் இழுபடுகிறவர்களுக்கு இது இன்றும் நல்ல வழி. அங்கே உறுதியான முரசுப் பட்டை ஒன்றை உண்டாக்குகிறது. ஆனால் அண்ணத்தின் வெளிறிய நிறம் புதிய இடத்திலும் அப்படியே நிற்கும். அண்ணத்தில் திறந்த புண் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். சிரிக்கும்போது தெரியும் பற்களுக்கு இது பொருந்தாது.

மேல்தோலை அண்ணத்திலேயே விட்டுவிட்டு அடியிலுள்ள இணைப்பிழையத்தை மட்டும் எடுப்பது அடுத்த முறை. லாங்கர் என்ற பெயருடைய இருவர் 1985இல் வேர் மூடுவதற்கென்று இதை விளக்கினார்கள். எடுத்த இழையத்தை வேரின்மேல் வைத்து, முரசு மடலை இழுத்து அதை மூடுவார்கள். ஒட்டுக்கு அடியிலிருந்தும் மேலிருந்தும் இரத்தம் கிடைக்கிறது, நிறமும் ஒத்துப்போகிறது, முரசு தடிமனாகிறது. மடலை மட்டும் இழுத்துத் தைத்தாலும் தொடக்கத்தில் வேர் மூடும்; ஆனால் ஆண்டுகள் போகப் போக மீண்டும் இறங்குவது அதிகம். பல்லிடை எலும்பு சரியாக இருக்கும் நோயாளிக்கு முதலில் எண்ண வேண்டியது இந்த இணைப்பிழைய ஒட்டையே. அண்ணத்தில் கூடுதல் காயம், அங்கே ஓடும் தமனியைத் தொடாமல் எடுக்கும் கைத்திறன், எடுக்கக்கூடிய அளவின் வரம்பு ஆகியவை இதன் விலை.

ஒரே ஒரு பல்லில் குறுகிய இறக்கம் இருந்து, பக்கத்தில் அகலமான முரசு இருந்தால் அதையே திருப்பி வைக்கலாம். அண்ணத்தைத் தொடாமல் முடிக்க, செல் நீக்கிய மனிதத் தோலும் பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் தாளும் கிடைக்கின்றன. பல பற்களுக்கு ஒரே நேரத்தில் செய்ய அவை வசதி. வேரை மூடும் திறனில் பொதுவாகச் சொந்த இழையத்துக்குச் சற்றுப் பின்தான். விலையும் அதிகம். அவை எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் கேட்பது வைத்தியரின் கடமை.

டன்சினனில் பதிவான வகை இறக்கத்துக்கு முதலில் தேவைப்படுவது காரை நீக்கம், வேர்ச் சுத்தம், தினமும் பல் துலக்கும் பழக்கம். அழற்சி அடங்கிய பின் எலும்பை அளந்து பார்த்து, ஏதாவது ஒரு பல்லுக்கு ஒட்டு பயன் தருமா என்று முடிவு செய்யலாம். புகைப்பவர்களுக்கு ஒட்டு பிடிப்பது குறைவு. வெற்றிலையோடு புகையிலை போடுவோர் அதை நிறுத்தாமல் சத்திர சிகிச்சைக்குப் போவது வீண்.

மலையகத்தவருக்கு அருகிலுள்ள பல் மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்வர ஒரு நாள் போய்விடும். அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய நாட்கூலி கிடைக்காது. சிகிச்சையோ ஒரு வரவில் முடிவதில்லை: முன்கூட்டியே சுத்தம் செய்ய, ஒட்ட, ஓரிரு வாரத்தில் தையல் பிரிக்க, பிறகு சில மாதங்கள் கண்காணிக்க என்று பல தடவை போக வேண்டும். தையல் பிரிக்கும் வரை அந்த இடத்தைத் துலக்காமல் குளோர்ஹெக்சிடின் கொண்டு கொப்பளித்து, மென்மையான உணவை மறுபக்கமாக மென்று சாப்பிட வேண்டும். வேர் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை ஏறத்தாழ ஆறு மாதம் கழித்தே உறுதியாகச் சொல்ல முடியும்.