வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு ஒரு பாட்டு!

டிசம்பர் வந்துட்டாலே நம்ம டைம்டேபிள் ஃபுல். செமஸ்டரின் கடைசி பேப்பர், ஊருக்கு பஸ் டிக்கெட், புது டிரெஸ், டெய்லர் கடைக்கு நாலு நடை, வீட்டில் முறுக்கு, முந்திரிக்கொத்து, வாசலில் ஸ்டார், சீரியல் லைட்... எல்லாம் முடிச்சு சர்ச்சில் போய் உட்காரும்போது கண்ணு தானா சொக்கும். 'இவ்வளவு ஓட்டமும் யாருக்காகப்பா?'ன்னு யாராவது கேட்டா, பதில் சொல்லக்கூட தெம்பு இருக்காது!

என்னை அப்படிக் கேட்க வெச்சவர் ஒரு வாட்ச்மேன் அண்ணாச்சி.

நமக்கு ஊர் பாளையங்கோட்டை பக்கம். போன வருஷம் சர்ச் பசங்களோட கீத பவனி கிளம்பினோம். கிடார், டிரம்ஸ், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வேர்த்துக் கொட்டும் ஒரு ஃப்ரெண்ட்... ஜமா களைகட்டுச்சு. ஒரு ராத்திரிக்கு இருபது வீடு. ரெண்டு பாட்டு, ஒரு ஜெபம், காபி, கேக், அடுத்த வீடு! லிஸ்ட்டும் கையுமா விரட்டிக்கிட்டு இருந்தது அடியேன்தான். இன்ஜினீயரிங் புத்தி... வீட்டுக்குப் பத்து நிமிஷம்னு கணக்கே போட்டு வெச்சிருந்தேன்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். ஓர் அபார்ட்மென்ட்டில் பாடி முடிச்சு வெளியே வர்றோம். கேட் பக்கத்தில் மங்கி குல்லா போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், "தம்பிகளா, எனக்கொரு பாட்டு பாடுவியளா?"ன்னு கேட்டார். "லேட்டாயிடுச்சு அண்ணாச்சி... நாளைக்கு வந்து பாடுறோம்"னு சொல்லிட்டு வேனில் ஏறிட்டேன். நாளைக்கு அந்தத் தெரு எங்க லிஸ்ட்லயே இல்லைன்னு எனக்குத் தெரியும்!

கிறிஸ்துமஸ் காலை. சர்ச்சில் லூக்கா எழுதின பிறப்புச் செய்தியை வாசிக்கிறாங்க. சின்ன வயசில் இருந்து கேட்கிற கதைதான். ஆனா, அன்னிக்கு சுருக்னு தைச்சது. இயேசு பிறந்த சேதி முதலில் போனது அரண்மனைக்கு இல்லை. வயல்வெளியில் ராத்திரி மந்தையைக் காவல் காத்த மேய்ப்பர்களுக்கு! நம்ம பாஷையில் சொன்னா, நைட் டியூட்டி பார்த்தவங்களுக்கு.

அன்னிக்கு பெத்லகேமும் செம பிஸிதான். குடிமதிப்பு எழுத வந்தவங்க கூட்டம். சத்திரத்தில் இடமே இல்லை. அப்படி இடமில்லைன்னு சொன்னவங்க லிஸ்ட்டில் நானும் சேர்ந்துட்டேன்னு தோணுச்சு.

அப்புறம்தான் நம்ம கொண்டாட்டத்துக்கெல்லாம் பின்னால் இருக்கிற சமாசாரத்தைத் தேடிப் படிச்சேன். 1223-ல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிரப்பின தீவனத் தொட்டி, நிஜ மாடு, கழுதையோட கிறிஸ்துமஸ் கொண்டாடினார். இயேசு எவ்வளவு ஏழ்மையில் பிறந்தார்னு ஜனங்க கண்ணால் பார்க்கணும்கிறதுதான் அவர் ஆசை. இன்னிக்கு நாம 'யார் வீட்டுக் குடில் பெருசு?'ன்னு போட்டி போடுறோம்!

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலம், 4-ம் நூற்றாண்டில் இப்போதைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து பிஷப் நிக்கோலஸ். மூணு ஏழைப் பொண்ணுங்க கல்யாணத்துக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாம அவங்க வீட்டுக்குள் பொன் போட்டுட்டுப் போனார்னு அவரைப் பத்தி ஒரு கதை உண்டு. நாம பாதி கேக்கை நீட்டுறதுக்குள்ளயே செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடுறோம்!

அதுக்காக ஸ்டார் வேண்டாம், கேக் வேண்டாம்னு சொல்ல வரலை பாஸ். அம்மா சுடுற முந்திரிக்கொத்தை விடுற அளவுக்கு நான் ஞானி இல்லை! லிஸ்ட்டைக் கொஞ்சம் சுருக்கினா போதும்.

இந்த டிசம்பரில் நாங்க சுருக்கினோம். இருபது வீடு பன்னிரண்டாச்சு. மிச்ச நேரம் பெட்ரோல் பங்க், ஏ.டி.எம் வாசல், ஆஸ்பத்திரி கேட்னு ராத்திரி முழிச்சிருக்கிறவங்களுக்கு. முதல் ஸ்டாப், அதே அபார்ட்மென்ட்.

கேட்டில் வேற ஒருத்தர். "அவரு வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் ஆறு மாசமாச்சே தம்பி..."

கிடார் வெச்சிருந்த பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் புது அண்ணாச்சிகிட்ட கேட்டேன், "உங்களுக்கு ஒரு பாட்டு பாடட்டுமா?"

ரெண்டு பாட்டு பாடினோம். வாட்ச்சை யாரும் பார்க்கலை. ஆனாலும் அந்தப் பழைய பாட்டு மட்டும் இன்னும் பாக்கி இருக்கு!